கல்லாய்ப் போன பிரேக்

"பிரேக் நல்லாத்தான பிடிக்குது?" என்று கேட்டபடி காரை விட்டு இறங்கினார் பிரேக் இன்ஸ்பெக்டர் பிரியதர்ஷினி.

டிரைவர் கிங்ஸ்லி சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏரல் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில், வேப்பமரத்தடியிலிருந்து வாசல் வரைக்கும் அந்தப் பழைய கான்டசா காரை ஓட்டிப்போய், சட்டென்று மிதித்து நிறுத்திக் காட்டியிருந்தார் அந்த அம்மாள். நாலு சக்கரமும் மண்ணைப் பிராண்டிக்கொண்டு நின்றுவிட்டன. கண்ணிருக்கிறவன் எவனும் இதைப் பார்த்த பிறகு பிரேக் இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டான். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பதுதான் உத்தியோகப் பெயர். ஆனால் இடித்த வண்டியில் முதலில் மிதித்துப் பார்ப்பது பிரேக்கைத்தான் என்பதால் ஊருக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். 'பிரேக் சரி' என்று அவர் எழுதிவிட்டால் மொத்தத் தப்பும் டிரைவர் தலையில் வந்து விழும். கேஸ் நடக்கும், லைசென்ஸ் போகும். கிங்ஸ்லிக்கு ஸ்டியரிங் வளையத்தைப் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

"கல்லு மாதிரி ஆயிட்டுன்னாரே மேடம் இந்த ஆளு! இப்பம் கல்லு எங்க போச்சு?" பைக்கில் சாய்ந்து நின்ற பூதத்தான் சத்தம் போட்டான். "குடிச்சவன் காலுக்கு எல்லாம் கல்லாத்தான் தெரியும்."

அவன் சத்தம் போட நியாயம் இருந்தது. அடிபட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு ஒடிந்து கிடக்கிறவள் அவனைப் பெற்ற பாலம்மாள்.

கிங்ஸ்லி குடித்திருக்கவில்லை. அன்றைக்கே ஊதச் சொன்னார்கள், ஊதினான், மெஷின் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. மெஷின் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கல்யாண வண்டி, மேளம், கூட்டம். டிரைவர் குடித்திருக்காமல் இருப்பானா என்று ஏரல் கடைத்தெருவே பேசியது. பேச்சு அவனுக்கு முன்னால் பஸ் ஏறி, அவன் குடியிருக்கிற பாளையங்கோட்டைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. அவன் மனைவி எப்சி ஆராதனை முடிந்து யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். வாழைத்தார் வியாபாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சி உயிராய் வைத்துப் பாதுகாக்கிற கார் அந்தக் கான்டசா. அவருடைய தங்கை மகனுக்குக் கொற்கையில் பெண்ணெடுத்திருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஏரலில் கான்டசாதான் போக வேண்டும், கிங்ஸ்லிதான் ஓட்ட வேண்டும். வெயில் தாழாத சாயங்காலம். முன்னால் மேளக்காரர்கள் ஆடிக்கொண்டு போக, ஏசியைப் போட்டுக்கொண்டு பின்னால் கார் ஊர்ந்தது. மிதி, விடு, மிதி, விடு. பாலம் கழிந்து கடைத்தெருவுக்கு இறங்குகிற சரிவில் மறுபடியும் மிதித்தான். பெடல் இறங்கவில்லை. இருக்கையை விட்டு எழும்பி, முழு உடம்பையும் காலில் போட்டு மிதித்தான். அசையவில்லை. நேராய் விட்டால் தவில்காரர் முதுகு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓரமாய் ஒடித்தான். ஓரத்தில் பனங்கிழங்குக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு பாலம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், சத்தியமாச் சொல்லுதேன். அன்னைக்கு பெடல் எறங்கவே இல்ல." கிங்ஸ்லியின் குரல் அவனுக்கே பிச்சைக்காரன் குரலாய்க் கேட்டது.

"நீங்க சொல்லுதத வச்சு நான் எழுத முடியாதே. வண்டி சொல்லணும்."

அப்போதுதான் காஜா முகைதீன் வாயைத் திறந்தான். பாளையங்கோட்டையில் பழைய கார்களுக்கென்றே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். கிங்ஸ்லியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். காலையில் கிங்ஸ்லி கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவனைக் கூட்டி வந்திருந்தான்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? இந்த வண்டில காலு மட்டும் பிரேக்க அமுக்கல. எஞ்சின் காத்த உறிஞ்சுதுல்லா, அந்த உறிஞ்சுத பலம் ஒரு குழாய் வழியா பூஸ்டருக்குப் போயி, காலோட சேந்து அமுக்குது. உறிஞ்சல் கொறஞ்சு போச்சுன்னா..."

"தெரியும் பாய்" என்றார் பிரியதர்ஷினி. முகம் சுளிக்கவில்லை, யோசித்தார். "பூஸ்டருக்குள்ள ரெண்டு மூணு மிதிக்குச் சேமிப்பு இருக்கும். நான் ஒரு மிதிதான் மிதிச்சேன். அதான சொல்ல வாரீங்க? உறிஞ்சல அளக்குத வேக்குவம் கேஜ் இருக்கா?"

"கொண்டாந்திருக்கேன் மேடம்."

"என் கண்ணு முன்னால பாருங்க. நான் சொல்லாம எதையும் கழட்டக் கூடாது, மாத்தக் கூடாது. ஒரு ரப்பர் வாஷர் கூட."

காஜா பானட்டைத் தூக்கினான். எஞ்சினின் உறிஞ்சு குழாயில் கேஜின் ரப்பர் டியூபை மாட்டி, டியூபை நீளமாய் இழுத்து, கேஜை முன் கண்ணாடிக்கு மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி டேப் போட்டு ஒட்டினான். உள்ளங்கை அகலக் கடிகாரம், ஒரே ஒரு முள். அதுவரை ஓரமாய் நின்ற செந்தூர்பாண்டி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பூதத்தான் பைக்கை விட்டு எழுந்து வந்தான்.

"பதினெட்டுக்கு மேல நின்னா எஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று பொதுவாய்ச் சொன்னான் காஜா. "கீழ எறங்கிச்சுன்னா வியாதி."

சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. முள் துள்ளி எழுந்து, லேசாய் ஆடி, பத்தொன்பதில் போய் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது.

அந்த எஞ்சின் சத்தம் இருக்கிறதே, தாலாட்டு மாதிரி அவ்வளவு சுகமாய் ஓடியது. தன் வண்டியின் நாடி நன்றாக இருக்கிறதென்று செந்தூர்பாண்டிக்கு ஒரு கணம் பெருமைகூட வந்துவிட்டது. கிங்ஸ்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டார்.

"பத்தொன்பது" என்றார் பிரியதர்ஷினி.

"பொய்! எல்லாம் பொய்!" என்று பூதத்தான் குதித்தான். "நான் அப்பமே சொன்னேன்லா? குடிகாரப் பயலுக்கு எல்லாரும் சேந்து வக்காலத்து வாங்குதிய!"

ஓடுகிற எஞ்சின் படுத்துவிட வேண்டும் என்று உலகத்தில் எந்த டிரைவராவது ஜெபம் பண்ணியிருப்பானா? கிங்ஸ்லி பண்ணினான். இயேசுவே, அந்த முள்ளை இறக்கும், எப்படியாவது இறக்கும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றான்.

காஜா மட்டும் அவசரப்படவில்லை. "மேடம், எஞ்சின் இப்பம் பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. அன்னைக்கு ஊர்வலத்துல ஊர்ந்து ஊர்ந்து கொதிச்சுப் போயி வந்திருக்கும். அன்னைக்கு இருந்த மாதிரி இத வச்சுப் பாத்தாத்தான் நியாயம். பானட்ட மூடி, ஏசியப் போட்டு, வெயில்ல நிப்பாட்டுவோம். கொஞ்ச நேரம் குடுங்க."

பிரியதர்ஷினி வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாத்தான்குளத்தில் அவருக்கு இன்னொரு இடித்த லாரி காத்துக்கொண்டிருந்தது. "சரி. ஆனா இதுலயும் முள்ளு அசையலன்னா நான் எழுதிட்டுப் போயிருவேன்."

காரை நிழலிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினார்கள். பானட்டை மூடினார்கள். ஏசி உறுமியது. வெயில் தகரத்தில் பட்டு எல்லார் முகத்திலும் அடித்தது. ஐந்து பேர் ஒரு கார்க் கண்ணாடியையே வெறித்துக்கொண்டு நிற்பதை ஸ்டேஷன் ஜன்னல் வழியாக ஒரு ஏட்டு எட்டிப் பார்த்துவிட்டு, கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்தோ என்னவோ, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பத்தொன்பது. பத்தொன்பது. கிங்ஸ்லியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூதத்தான் வாட்ச்சைப் பார்ப்பதும் மண்ணில் துப்புவதுமாய் இருந்தான். 

"ஏலே காஜா" என்று கிங்ஸ்லி கிசுகிசுத்தான். "எறங்காதோ?"

"பேசாம நில்லு. பைய எறங்கும்."

பைய என்றால் அத்தனை மெல்ல. முதலில் எஞ்சின் சத்தத்தில்தான் தெரிந்தது. இதுவரைக்கும் ஒரே சீராய் ஓடியது, நடுவில் ஒரு தரம் விக்கியது. பிறகு இன்னொரு தரம். கிங்ஸ்லி தலையை நிமிர்த்தினான். இந்த விக்கல் அவனுக்குத் தெரியும். அன்றைக்குப் பாலத்து மேல் வரும்போதும் இப்படித்தான் விக்கியது. முள் லேசாய்ச் சிலிர்த்தது. பதினெட்டு. பிறகு கையை விட்டுவிட்ட மாதிரி மளமளவென்று இறங்கி, பன்னிரண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"எறங்கிட்டு! மேடம், எறங்கிட்டு!" கிங்ஸ்லி சின்னப் பையன் மாதிரி கத்தினான்.

பிரியதர்ஷினி டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை ஒரு தரம் மிதித்தார், மெத்தென்று இறங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடி. அடுத்த மிதியில் அவர் தோள் இரண்டும் பின்னால் போய் சீட்டில் இடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துப் பார்த்தார். பெடல் அப்படியே நின்றது.

"அம்மாடி!" என்றார். "கல்லுதான்."

அவர் கையைக் காட்ட, பூதத்தானும் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கிங்ஸ்லியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கிங்ஸ்லிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. செந்தூர்பாண்டி அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்து, "நான் நம்புனேன்லா உன்னய!" என்றார். அவர் ஒன்றும் அப்படி நம்பியிருக்கவில்லை, அது கிடக்கட்டும்.

"இருங்க, இருங்க" என்று பிரியதர்ஷினி கையை உயர்த்தினார். "எறங்குதுன்னு மட்டும் எழுதினா கோர்ட்ல நிக்காது. ஏன் எறங்குது? காரணம் வேணும். பாருங்க பாய்."

காஜா பானட்டைத் திறந்தான். அனல் அடித்தது. ஆக்சிலேட்டரைக் கையால் திருகி எஞ்சினை உறும வைத்து, முள்ளைக் கவனித்தான். "சைலன்சர் அடைச்சிருந்தா இப்பம் முள்ளு இன்னும் பைய பைய எறங்கும். எறங்கல. அது இல்ல." வால்வு கெட்டிருந்தால் முள் நிற்காமல் துடிக்கும் என்றான், இது துடிக்கவில்லை, தாழ்வாய் ஒரே இடத்தில் நின்றது. "எங்கயோ காத்து களவு போவுது மேடம். வெளிக்காத்து உள்ள போவுது."

சோப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை எடுத்து, கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிற இடுக்கில் சொட்டுச் சொட்டாய் விட்டான். ஓட்டை இருந்தால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சத்தம் மாறும். மாறவில்லை. உறிஞ்சு குழாய் எஞ்சினோடு சேருகிற ஓரமெல்லாம் விட்டான். அதுவும் இல்லை. பிறகு இடுக்கி மாதிரியான குறடு ஒன்றை எடுத்து, அதன் வாய்க்குத் துணி சுற்றி, எஞ்சினிலிருந்து கிளம்புகிற ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாய் நெரித்துப் பார்த்தான். ஒரு குழாயை நெரித்ததும் முள் ஏறினால் களவு அந்தக் குழாயில். சிறிய குழாயை நெரித்தான், முள் அசையவில்லை. எல்லாவற்றிலும் தடித்த குழாய் ஒன்று இருந்தது. எஞ்சினிலிருந்து கிளம்பி, ஏர் கிளீனருக்கு அடியில் நுழைந்து, பேட்டரிக்குப் பின்னால் வளைந்து, பிரேக் பூஸ்டருக்குப் போகிற குழாய். அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் நெரித்தான்.

முள் ஒரே தாவில் பத்தொன்பதுக்கு ஏறியது. எஞ்சினின் விக்கல் நின்றது.

"பிடிச்சாச்சு! இந்தக் குழாய்லதான்." காஜா குனிந்தபடியே பிடியை விட்டு, குழாயின் மறுமுனையைப் பூஸ்டருக்குப் பக்கத்தில் நெரித்தான். முள் திரும்பவும் பன்னிரண்டில் விழுந்தது. "பூஸ்டர் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ. பேட்டரிக்குப் பின்னால, அங்கன கை போகாத எடம்."

கை போகாத இடம்.

கிங்ஸ்லியின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துவிட்டது. அந்த இடத்துக்குக் கை போகும். கஷ்டப்பட்டு, முழங்கையை மடக்கி நுழைத்தால் போகும். அவன் கை போயிருக்கிறது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையில் செந்தூர்பாண்டியின் சம்சாரம் கலைச்செல்வி ஒரு கம்பியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கரித்துண்டும் கோத்து அவன் கையில் கொடுத்தாள். "கிங்ஸ்லி, இத முன்னால பம்பர்ல கட்டிருங்க. ஊர்க் கண்ணு பூரா இந்த வண்டி மேலதான் கெடக்கு." அந்த அம்மாள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டான். ஆனால் அவன் அப்போதுதான் சர்ச் நிர்வாகத்துக்கான சேகரக் கமிட்டித் தேர்தலில் நின்று, வேர்க்க விறுவிறுக்க ஓட்டுக் கேட்டு, நேசையா வாத்தியாரைத் தோற்கடித்திருந்தான். ஏரலிலிருந்து கொற்கை வரைக்கும் வழி நெடுகச் சபைக்காரர்கள். கமிட்டி மெம்பர் கிங்ஸ்லி காரில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டு ஓட்டினான் என்று ஒருத்தன் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும், வாத்தியார் அதை வைத்து அடுத்த தேர்தல் வரைக்கும் சாப்பிடுவார்.

அதனால் தண்ணீர் பார்க்கிற சாக்கில் பானட்டைத் திறந்தான். யார் கண்ணிலும் படாத இடமாய்ப் பார்த்து, பேட்டரிக்குப் பின்னால், கையில் அகப்பட்ட தடித்த குழாயில் கம்பியைச் சுற்றினான். ஓடும்போது கழன்று விழக் கூடாதே என்று குறட்டால் இறுக்கி இரண்டு முறுக்கும் முறுக்கினான். அம்மாவுக்கும் திருப்தி, சபைக்கும் தெரியாது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கு அன்றைக்குச் சிரிப்புகூட வந்தது. பானட்டை மூடியதோடு மறந்தும் போனான். இத்தனை நாள் தூங்காமல் புரண்டு, அன்று நடந்ததையெல்லாம் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தானே, இது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"டார்ச் அடிங்க மேடம், இங்கன" என்றான் காஜா.

கண்டுபிடிக்காதே என்று கிங்ஸ்லியின் உள்ளம் கதறியது. காஜா, மடையா, கையை எடு. இவனைக் காலையில் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தானே என்று நினைக்கையில் அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. 

எஞ்சினை நிறுத்தினார்கள். காஜா முழங்கை வரை கையை நுழைத்துத் தடவினான். "அகப்பட்டுட்டு" என்றான். "கம்பி ஒண்ணு சுத்திக் கெடக்கு. குழாயக் கறுக்குன்னு அறுத்திருக்கு. குளுந்து கெடக்கும்போது வெட்டு மூடிக்கிடுது. சூடாகி ரப்பர் எளகுனா வாயப் பொளக்குது."

"அசைக்காதீங்க, போட்டோ எடுக்கணும்." பிரியதர்ஷினி போனை எடுக்கத் தன் பைக்குத் திரும்பினார்.

அந்த இடைவெளியில் காஜா தலையை நுழைத்துப் பார்த்தான். எலுமிச்சம்பழம் எப்போதோ வெந்து விழுந்துவிட்டிருந்தது. கம்பியின் நுனியில் கருகிச் சுருண்ட ஒரே ஒரு மிளகாய் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. காஜாவுக்கு அது என்னவென்று தெரியும். எத்தனை வண்டியில் பார்த்திருப்பான்! தலையைத் தூக்கி கிங்ஸ்லியைப் பார்த்தான். கிங்ஸ்லியின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. காஜாவின் விரல் அசைந்தது. மிளகாய் கழன்று எஞ்சினின் இருட்டுக்குள் எங்கேயோ விழுந்து போயிற்று.

"அலங்காரக் கம்பி மாதிரி இருக்கு மேடம்" என்றான் காஜா, ஒன்றும் நடக்காத மாதிரி. "பூச்சரத்த இழுத்துக் கட்டுததுக்கு உள்ள விட்டிருப்பானுவ."

பிரியதர்ஷினி நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பெடலை மறுபடி பார்த்தார், குழாயைப் பார்த்தார், திருப்தியாய்த் தலையாட்டினார். "சரி. இது டிரைவர் தப்பில்ல. ஓட்டுதவனுக்குத் தெரிய வழியே இல்ல. அப்படியே எழுதுதேன். அண்ணாச்சி, வண்டிக்கு அலங்காரம் பண்ணினது யாரு?"

"நம்ம மகாராஜன்தான் மேடம். இங்கன கடைத்தெருவுல பூக்கடை வச்சிருக்கான்." செந்தூர்பாண்டி பல்லைக் கடித்தார். "சவத்துப் பய! எங்கன கட்டுததுன்னு ஒரு வெவஸ்த வேண்டாமா?"

"பேர எழுதிக்கிடுதேன். மிச்சத்தப் போலீஸ் பாத்துக்கிடும்."

அவ்வளவுதான், முடிந்தது. கேஸ் இல்லை, லைசென்ஸ் போகாது, குடிகாரப் பட்டமும் இன்றோடு போயிற்று. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மகாராஜன் பாவம்தான். ஆனால் அலங்காரக் கம்பி கட்டியவன்தானே, எந்தக் கம்பியை எங்கே விட்டான் என்று அவனுக்கே நிச்சயமாய்ச் சொல்ல முடியுமா? கிங்ஸ்லி இதையெல்லாம் நினைத்தான். நினைத்தான் என்பதை மறைக்கிறதில் லாபமில்லை. காஜா அவன் பக்கத்தில் வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்குப் போ. எப்சிட்டச் சொல்லு, சந்தோசப்படும்" என்று முணுமுணுத்தான்.

போயிருப்பான். பூதத்தான் குறுக்கே வந்தான்.

இத்தனை நாளும் வாய்க்கு வந்தபடி ஏசியவன், கிட்டே வந்து, கிங்ஸ்லியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. ஆத்திரத்துல என்னென்னமோ பேசிட்டேன். ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு அக்காவையும் ஏசினேன். நீங்க சொன்னது அத்தனையும் நெசம்." பிடியை இன்னும் இறுக்கினான். "ஆஸ்பத்திரில எங்கம்மை கண்ண முழிச்சா ஒங்களத்தான் ஏசிட்டுக் கெடக்கா. நீங்களே ஒருக்கா வந்து, இப்படி ஆயிட்டு ஆத்தான்னு சொல்லுங்க. அவ மனசு ஆறிரும். வருவியளா?"

ஏசியிருந்தால் கிங்ஸ்லி தாங்கியிருப்பான். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். இந்தக் கெஞ்சுகிற கையை அவனால் தாங்க முடியவில்லை. தன் கையை உருவப் பார்த்தான், பூதத்தான் விடவில்லை. 

"மகாராஜன் கட்டல" என்றான் கிங்ஸ்லி.

"என்னது?"

"அது அலங்காரக் கம்பி இல்ல தம்பி. எலுமிச்சம்பழமும் மெளகாயும் கோத்த கம்பி. அண்ணாச்சி வீட்டம்மா குடுத்தாங்க. நான்தான் அதுல சுத்துனேன். நான்தான் முறுக்குனேன்."

காஜா கையிலிருந்த துணியைத் தரையில் வீசி அடித்தான். "கூறு கெட்ட பய" என்றான் மெதுவாக.

பிரியதர்ஷினியின் பேனா நின்றது. செந்தூர்பாண்டி புரியாமல் விழித்தார். "அத பம்பர்லல்லா கட்டச் சொல்லிக் குடுத்தா? எல்லாரும் முன்னாலதான கட்டுவான், ஒலகமே முன்னாலதான கட்டுது! நீ ஏம்லே உள்ள கொண்டுபோயிக் கட்டுன?"

கிங்ஸ்லி பூதத்தானைப் பார்த்தே பதில் சொன்னான். "வெளிய தொங்குனா எங்க சபைக்காரங்க பாத்திருவாங்கன்னு நெனைச்சேன். வேற ஒண்ணுமில்ல. அதுக்காகத்தான்."

சொன்ன பிறகு அது எவ்வளவு அற்பமாய்க் கேட்டது! மனதுக்குள் வைத்திருந்தபோது அது பெரிய காரணமாய்த்தான் தெரிந்தது. முற்றத்து வெயிலில், எல்லாருக்கும் நடுவில் வந்து விழுந்தபோது ஒன்றுமேயில்லாமல் கிடந்தது. வெட்கம் அவன் கழுத்து வரைக்கும் ஏறிச் சுட்டது.

பூதத்தானின் இரண்டு கையும் கழன்றன. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஓரடி பின்னால் தள்ளி நின்றான்.

"ஒங்க ஆளுவ கண்ணுல படக் கூடாது" என்றான். "அதுக்கு எங்கம்மை இடுப்பு."

கிங்ஸ்லி தலையைக் குனிந்துகொண்டான்.

"கிங்ஸ்லி" என்று கூப்பிட்டார் பிரியதர்ஷினி. குரலில் கோபமில்லை, அலுப்பு இருந்தது. "இத நான் எழுதித்தான் ஆகணும். தெரியும்ல? எழுதினா ஒங்க மேல வரும்."

"எழுதுங்க மேடம். மகாராஜன் பேர அடிச்சிருங்க."

அவர் ஒரு கோடு இழுத்து அடித்தார். பிறகு தலைகுனிந்து எழுத ஆரம்பித்தார்.

பூதத்தான் விறுவிறுவென்று பைக்குக்குப் போனான். ஏறி உட்கார்ந்து உதைத்தான். போய்விடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வண்டியைத் திருப்பி, கிங்ஸ்லிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அவனைப் பார்க்காமல், நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஏறும்வே. இப்பம் சொன்னத அப்படியே எங்கம்மைட்ட வந்து சொல்லும்."